பேச்சில் போட்ட புள்ளிகள்

ஜூன் 9, திங்கள்

பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, பேசுவதைவிட அது மோசம் என்கிறார் டாக்டர். தொண்டையைக் கனைக்கக் கூடாது. இருமல் வந்தால் ஒரு மடக்குத் தண்ணீர். முதலில் பத்து நாள் முழு மௌனம், பிறகு பார்க்கலாம்.

சனிக்கிழமை அறுவை சிகிச்சை முடிந்தது. குரல்நாணில் மிளகளவு ஒரு கட்டி. எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். வழக்கமாகச் செய்வதுதானாம்.

இருபத்திரண்டு வருடமாகப் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். பள்ளி திறந்த வாரத்தில் வீட்டில் உட்கார்ந்திருப்பது இதுதான் முதல் தடவை. இவர் தபால் ஆபீஸிலிருந்து வரும்போது எழுதி அழிக்கிற பிளாஸ்டிக் பலகை ஒன்று வாங்கி வந்தார். யானைப் படம் போட்டது. குழந்தைகளுக்கானது. அதில் நாலு வரிக்கு மேல் எழுத இடமில்லை. மிச்சத்தை எழுத இந்த நோட்டு.

ஜூன் 10, செவ்வாய்

பியூலா லீவுக்கு வந்திருக்கிறாள். கோவையில் என்ஜினீயரிங், மூன்றாம் வருடம் முடித்துவிட்டாள். நான் காலை பத்து மணிக்கே மூன்றாவது தடவையாக அலமாரி துடைத்ததைப் பார்த்துவிட்டு, தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தாள்.

"ம்மா, இது விளையாடு. வாய் தேவையில்ல. நெறைய நம்பர் வரும், உனக்குப் பிடிக்கும்."

ஆறு பேர் கொண்ட ஒரு குழுவை நாம் நடத்திச் செல்ல வேண்டும். மலை தாண்டி ஒரு கோட்டைக்கு ஒரு கடிதத்தைக் கொண்டு சேர்க்க வேண்டும். தலைவரை நாமே உருவாக்குகிறோம். இருபத்துநான்கு புள்ளிகள் தருகிறார்கள். பேச்சு, பூட்டுத் திறத்தல், பொறி கண்டுபிடித்தல், மருத்துவம், பழங்கதை அறிவு என்று பதினொரு திறமைகள். எது எங்கே எவ்வளவு தேவைப்படும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். போட்ட புள்ளியைத் திரும்ப எடுக்கவும் முடியாது. பாடத்திட்டம் கொடுக்காமல் பரீட்சை வைப்பது போலிருக்கிறது. எங்கள் பள்ளியில் இப்படி ஒருவர் வினாத்தாள் எடுத்தால் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

பேச்சுக்குப் பதினாறு போட்டேன். மீதி எட்டை மற்றதில் பிரித்தேன்.

"பதினாறா? அடி வாங்கியே சாவப் போற" என்றாள் பியூலா.

பலகையில் எழுதினேன்: பேசித் தீராதது எதுவும் இல்லை.

ஜூன் 11, புதன்

இட்லி மாவு புளித்துவிட்டது. இன்று நான்கு மணி நேரம் விளையாடினேன். பாதிரியார் வீட்டம்மா வந்து, எனக்குக் காது கேட்காதது மாதிரி சத்தமாகப் பேசிவிட்டுப் போனார்.

ஜூன் 12, வியாழன்

குறைகளை எழுதி வைக்கிறேன்.

குழுவில் ஓர் அறிஞர் இருக்கிறார். பழங்கதை அறிவு ஒன்பது. ஒரு குகைச் சுவரில் கல்வெட்டு. அதை என் தலைவி முதலில் தொட்டதால் அவளுடைய அறிவைத்தான் கணக்கில் எடுத்தார்கள். அவளிடம் இருப்பது ஒரே ஒரு புள்ளி. 'உனக்கு ஒன்றும் புரியவில்லை' என்று வந்தது. அறிஞர் ஒன்றரை அடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டாராம். அவரை முன்னால் நிறுத்தியிருக்க வேண்டுமாம்.

பேச்சும் அப்படித்தான். யாரிடம் பேசினாலும் தலைவியின் பேச்சு மட்டும்தான் செல்லும். மற்ற ஐந்து பேருக்குப் பேச்சில் எவ்வளவு இருந்தாலும் அது வீண். அதனால் அவர்களுக்குப் பேச்சில் ஒரு புள்ளிகூடப் போடாமல் விட்டேன். கணக்குப்படி அதுதான் சரி.

இவர் ஆபீஸிலிருந்து வந்து பின்னால் நின்று காப்பி குடித்தபடி பார்த்தார். இவருக்கு இப்படி நின்று பார்ப்பது பிடிக்கும். கேரம் விளையாட்டையும் இப்படித்தான் பார்ப்பார்.

"அந்தப் பொம்பளை தலைக்கு மேல என்ன மஞ்சளா மினுங்குது?"

குழுவின் மருத்துவச்சி. முகாமில் தங்கும்போதெல்லாம் அவள் தலைக்கு மேல் அந்தக் குறி வரும். ஏதோ சொல்ல நினைக்கிறாள் என்று அர்த்தம். கோட்டைக்குப் போக அது அவசியமில்லை. பலகையில் 'பிறகு' என்று எழுதிக் காட்டினேன்.

ஜூன் 14, சனி

ஒரு சுங்கச்சாவடி. காவலனைப் பேசிச் சம்மதிக்க வைக்க எழுபத்தெட்டு சதவீதம் வாய்ப்பு என்று திரையில் தெளிவாகப் போட்டிருந்தது. தோற்றேன். சேமித்த இடத்திலிருந்து மறுபடி வந்தேன். தோற்றேன். எட்டு தடவை. எட்டு தடவையும் தோற்பதற்கான வாய்ப்பு ஒரு லட்சத்து எண்பத்திரண்டாயிரத்தில் ஒன்று. பலகையில் கணக்கைப் போட்டு பியூலாவிடம் நீட்டினேன்.

அவள் சிரித்தாள். "பகடைய அவன் முன்னாடியே உருட்டி வச்சிருவான், ம்மா. நீ சேமிக்கும்போதே முடிவும் அதுல இருக்கும். எத்தன தடவ வந்தாலும் அதேதான் விழும்."

'அப்படியானால் எழுபத்தெட்டு என்று ஏன் காட்டுகிறான்?'

"நீ இன்னும் கேக்கலல்லா. கேக்கிற வரைக்கும் எழுபத்தெட்டுதான்."

இது எனக்குச் சம்மதமில்லை. முடிவான ஒன்றுக்கு நிகழ்தகவு சொல்வது தவறு. எனக்குத் தெரியவில்லை என்பதற்காக அது தீர்மானமாகாமல் போய்விடாது.

பரிசோதனை முடிவு வியாழக்கிழமை வரும்.

ஜூன் 15, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் எல்லோரும் என்னிடம் கேட்டுவிட்டு இவர் முகத்தைப் பார்த்தார்கள். வழக்கமாக நான் பேசுவேன், இவர் ஸ்கூட்டர் பக்கத்தில் நிற்பார். இன்று இவர்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "நல்லாருக்கா." இந்த ஒரு வார்த்தையைப் பதினோரு பேரிடம் சொன்னார். பன்னிரண்டாவது ஆள், "பியூலா எல்லாம் பாஸாயிருப்பா, ரிசல்ட் வந்துட்டாம்மா?" என்று கேட்டார். இவர் பியூலாவைப் பார்த்தார். அவள் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். மாட்ட அதிக நேரம் ஆனது.

ஜூன் 17, செவ்வாய்

ஒரு குறிப்பு மட்டும்.

என் விளையாட்டைச் சேமிக்கும் இடத்தில் கீழே நகர்த்திப் பார்த்தேன். பியூலாவின் குழுக்கள் இருந்தன. நாற்பத்தொன்று. ஒவ்வொன்றிலும் தலைவருக்கு வேறு பெயர், புள்ளிகளை வேறு விதமாகப் பிரித்திருக்கிறாள். பேச்சு எட்டு, வாள் எட்டு. பேச்சு பூஜ்யம், பூட்டு பன்னிரண்டு. எதுவும் இரண்டாம் அத்தியாயத்தைத் தாண்டவில்லை.

முதல் குழு ஜனவரி 20. கடைசி மே 16. நூற்றுப் பதினேழு நாள். மொத்தம் அறுநூற்று நாற்பது மணி நேரம். சராசரி ஒரு நாளைக்கு ஐந்தரை மணி.

சேமித்த நேரமும் பக்கத்தில் இருக்கிறது. திங்கள் காலை 10.50. புதன் 11.20. வெள்ளி மதியம் 2.45.

மூடி வைத்துவிட்டேன்.

ஜூன் 18, புதன்

முருங்கைக்கீரை ஆய்ந்தேன். பியூலாவும் உட்கார்ந்து ஆய்ந்தாள். 'ஏன் ஒன்றையும் முடிக்கவில்லை?' என்று பலகையில் எழுதினேன். என்ன கேட்கிறேன் என்று அவளுக்கு உடனே புரிந்தது.

"பாதி தூரம் போனப்புறம் ஆரம்பத்துலயே எங்கயோ தப்பாப் போட்டுட்டோம்னு தெரிஞ்சிரும். அப்புறம் அந்தாளோட போக மனசு வராது. முதல்லருந்து சரியாப் போடலாம்னு தோணும்."

நேரத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. பலகையில் இடம் இருந்தது.

ஜூன் 19, வியாழன்

ஆஸ்பத்திரி. இவர் கேட்க வேண்டிய கேள்விகளை நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன். பரீட்சை எழுதப் போகிறவர் மாதிரி வரிசையில் உட்கார்ந்து அதைப் படித்துக்கொண்டிருந்தார். உள்ளே போனதும் ஒன்று, இரண்டு என்று எண்ணைச் சொல்லியே கேட்டார். டாக்டர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்.

வீக்கம் இன்னும் வடியவில்லை. மௌனத்தை நீட்டித்திருக்கிறார். முடிவு வரவில்லை. இன்னொரு ஆய்வகத்துக்கும் காட்டுகிறார்களாம். திங்கள் வரச் சொன்னார்.

"ஏன் இன்னொரு எடத்துல காட்டணும்?" என்று இவர் கேட்டார். அது தாளில் இல்லாத கேள்வி.

"ஒரு உறுதிக்குத்தான் சார்."

வந்து மூன்று மணி நேரம் விளையாடினேன். ஒரு பூட்டைத் திறக்கத் திறமை ஆறு வேண்டுமாம். நம் ஆளிடம் ஐந்து. அந்த அறைக்குள் என்ன இருந்தது என்று இனி தெரியப்போவதில்லை. ஒரு புள்ளிதான். இப்படி வடிவமைத்தவர் யாரோ, அவர் வகுப்பில் முப்பத்துநான்கு மார்க் வாங்கி ஃபெயிலானவராக இருக்க வேண்டும்.

ஜூன் 21, சனி

நீளமாக எழுதுகிறேன். நடந்ததை நடந்த வரிசையில்.

காலையில் இரண்டாம் அத்தியாயத்தின் கடைசி. ஒரு தொங்குபாலம். இந்தப் பக்கம் சிப்பாய்கள். எங்கள் மருத்துவச்சி அவர்கள் படையிலிருந்து ஓடிவந்தவளாம், அவளை ஒப்படைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். எனக்கு இது புதிய தகவல். பேசிப் பார்த்தேன். எண்பத்துநான்கு சதவீதம். தோற்றேன். சண்டை மூண்டது. மருத்துவச்சி பாலத்திலிருந்து விழுந்தாள். அவள் படம் திரையின் ஓரத்தில் சாம்பல் நிறமாகிவிட்டது.

பியூலா என் பக்கத்தில் நாற்காலியில் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தாள். இவர் சனிக்கிழமை பாதி நாள் என்பதால் வந்துவிட்டார். கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார்.

"அவ மூணு தடவ பேச வந்தா, ம்மா. நீ க்ளிக் பண்ணவே இல்ல. கேட்டிருந்தேன்னா, அவளே பாலத்துக்குப் போகாத வேற வழி சொல்லியிருப்பா. அதுக்குப் புள்ளி எதுவும் வேண்டாம்."

'வழியில் கிடைத்த புள்ளிகளையும் போட்டு, பேச்சு இருபத்தொன்று வைத்திருந்தேனே' என்று எழுதினேன்.

"அது நீ பேசுறதுக்கு."

பிறகு அவளே, "விடு, ரெண்டு மணி நேரத்துக்கு முந்துன சேவ் இருக்கு. அங்கருந்து போ. இல்லன்னா புதுசா ஆரம்பி, நான் எப்படிப் போடணும்னு சொல்லுதேன்" என்றாள்.

வேண்டாம் என்று தலையாட்டினேன். எழுதினேன்: 'ஐந்து பேர் இருக்கிறார்கள். போகலாம்.'

"மருத்துவச்சி இல்லாம மூணாவது அத்தியாயம் ரொம்பக் கஷ்டம், ம்மா. யாரும் போகமாட்டாங்க."

தோள்பட்டையை உயர்த்திக் காட்டிவிட்டுப் பாலத்தைக் கடந்தேன். எனக்கு அதில் பெரிய எண்ணம் ஒன்றும் இல்லை. மறுபடி முதலிலிருந்து அந்தக் குகையைக் கடக்க அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான். அந்தப் பக்கம் பனி பெய்துகொண்டிருந்தது. பியூலா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நாற்பத்தொரு குழுவில் அவள் இந்தப் பனியைப் பார்த்ததில்லை.

"ம்மா, ஒண்ணு சொல்லணும்" என்றாள். "நீ இப்பம் பேச முடியாதுங்கதாலதான் சொல்லுதேன்."

இவர் கறிவேப்பிலையைக் கீழே வைத்தார்.

ஜனவரியிலிருந்து அவள் வகுப்புக்குப் போகவில்லை. வருகை குறைவு என்று ஆறாவது செமஸ்டர் எழுத விடவில்லை. அதற்கு முந்தையவற்றில் ஒன்பது பேப்பர் நிற்கிறது. காலையில் அறைத்தோழி கிளம்பியதும் கதவைச் சாத்திக்கொண்டு இதை விளையாடியிருக்கிறாள். சில நாள் சாப்பிடவும் இறங்கவில்லை.

"போன்ல எத்தனையோ தடவ சொல்ல வந்தேன். நான் 'ம்மா, எனக்கு இங்க'ன்னு ஆரம்பிப்பேன். நீ அதுக்குள்ள பதில் சொல்லிருவ. நல்ல பதிலாத்தான் இருக்கும். எனக்கு அதுக்கு மேல ஒண்ணும் சொல்ல வராது. சரிம்மான்னு வச்சிருவேன்."

தொண்டை தானாக அசைந்தது. அடக்கினேன். பலகையை எடுத்து மூன்று வரி எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன். அதையும் அழித்தேன். அவள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அடுத்து என்ன வரும் என்பது மாதிரி. பலகையை மேஜையில் கவிழ்த்து வைத்தேன்.

அப்புறம் அவள் அழுதாள். இவர் எழுந்து வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். வேறொன்றும் செய்யவில்லை. மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு.

ஜூன் 22, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் இதே மேஜையில் அவள் தூத்துக்குடியில் மீன்வளப் படிப்புக்குப் போகிறேன் என்றாள். நான் என்ஜினீயரிங் பற்றிச் சொன்னேன். நாற்பது நிமிடத்தில் ஒத்துக்கொண்டாள். இவரிடம் அன்று மாலை, 'புரியும்படி எடுத்துச் சொன்னேன், கேட்டுக்கொண்டாள்' என்று சொன்னது நினைவிருக்கிறது. இவர் என்ன சொன்னார் என்பது நினைவில்லை. ஏதாவது சொன்னாரா என்றும் தெரியவில்லை.

ஜூன் 23, திங்கள்

புற்று இல்லை. ஆனால் செல்கள் மாறத் தொடங்கியிருக்கின்றன, ஆரம்ப நிலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். ஜூலை ஒன்றாம் தேதியிலிருந்து நாளுக்கு ஐந்து நிமிடம் பேசலாம்.

"ஆறு பீரியடு, ஸ்பெஷல் கிளாசு எல்லாம் மறந்திருங்க டீச்சர்" என்றார் டாக்டர்.

இவர் இன்று தாள் கொண்டுவரவில்லை. "பழையபடி பேசுவாளா?" என்று கேட்டார்.

"பேசுவாங்க சார். பழைய சத்தம் வராது."

வெளியே வந்து இவர் இரண்டு இளநீர் வாங்கினார். தன்னுடையதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார். திரும்பும்போது ஸ்கூட்டரில் இவர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் பள்ளம்.

ஜூன் 25, புதன்

மூன்றாம் அத்தியாயம் உண்மையிலேயே கடினம். காயம்பட்டால் ஆற்ற ஆளில்லை. இவர் பின்னாலிருந்து, "அவனுவகூட எதுக்குச் சண்ட? ஆத்தோரமாச் சுத்திப் போனா என்ன?" என்றார். போனோம். விளையாட்டுக் கணக்கில் ஒன்றரை நாள் அதிகமானது, யாரும் சாகவில்லை. பியூலா அதை எதிர்பார்க்கவில்லை. ஒரு வழி இருப்பதே அவளுக்குத் தெரியாதாம்.

முகாமில் எல்லோர் தலைக்கு மேலும் மஞ்சள் குறி வருகிறதா என்று இப்போது பார்க்கிறேன். பூட்டுத் திறப்பவனுக்கு ஒரு தங்கை இருக்கிறாள்.

ஜூன் 27, வெள்ளி

கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தோம். நான்கு பேர்; வழியில் இன்னொருவரையும் இழந்தோம். மொத்தம் அறுபத்தோரு மணி நேரம். கடிதத்தை வாங்கிக்கொண்டார்கள்.

ஜூன் 28, சனி

பியூலாவின் துறைத்தலைவர் பெற்றோரை வரச் சொல்லியிருக்கிறார். இத்தனை வருடத்தில் பள்ளி, கல்லூரி, ஆஸ்பத்திரி, பாங்க் எங்கேயும் நான்தான் போய்ப் பேசியிருக்கிறேன். இவர் வெளியில் நிற்பார். இந்தத் தடவை இவர் போகிறார். நான் எட்டுக் குறிப்புகள் எழுதிக் கொடுத்தேன். வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஜூலை 1, செவ்வாய்

நேற்று இருவரும் ரயிலேறிப் போனார்கள். வீட்டில் நான் மட்டும். தோசை வார்த்துச் சாப்பிட்டேன். துணி துவைத்தேன்.

இன்று முதல் ஐந்து நிமிடம். துறைத்தலைவர் ஒருவேளை என்னிடம் பேசக் கேட்டால் சொல்லலாம் என்று ஒன்றைத் தயார் செய்து வைத்திருந்தேன். கடிகாரம் வைத்து மனதுக்குள் வாசித்துப் பார்த்தேன். நான்கு நிமிடம் பத்து விநாடி.

பன்னிரண்டே முக்காலுக்கு இவர் கூப்பிட்டார். ஆம் என்றால் போனை நகத்தால் ஒருமுறை தட்டுவது, இல்லை என்றால் இரண்டு.

"முடிஞ்சு வெளிய வந்துட்டோம். ஒரு ஆலமரம் இருக்கு, அதுக்குக் கீழ நிக்கோம். கேக்கியா?"

தட்டினேன்.

இவர் பேசத் தொடங்கினார். பன்னிரண்டு நிமிடம். இருபத்து மூன்று வருடத்தில் இவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. துறைத்தலைவர் நல்ல மனிதராம். ஜூனியர்களோடு மறுபடி சேர்ந்து படிக்கலாம், அப்பா கையெழுத்துப் போட்டால் போதும் என்றாராம். பியூலா வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள்.

"அவரு என்னய பாத்து, 'நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க சார்'ன்னாரு. நான் சொன்னேன், 'எடுத்துச் சொல்லிச் சொல்லித்தான் சார் இங்க வந்து நிக்கோம்'னு." குரலைத் தாழ்த்தினார். "தப்பாச் சொல்லிட்டேனா செல்வி?"

இரண்டு முறை தட்டினேன்.

"உன் பேப்பர் பையிலயே இருக்கு. நான் எடுக்கல. சர்டிபிகேட் எல்லாம் வாங்கிட்டு வந்துருதோம். இந்தா, அவகிட்ட குடுக்கேன்."

பியூலா போனை வாங்கினாள். பின்னால் பஸ் சத்தம். "ம்மா" என்றாள். நான் ஒருமுறை தட்டினேன்.

இந்த வருடம் மீன்வளக் கல்லூரிக்கு நேரம் கடந்துவிட்டதாம், அடுத்த வருடம்தான் விண்ணப்பிக்க முடியுமாம். அதுவரை தூத்துக்குடிப் பக்கம் ஒரு இறால் குஞ்சுப் பண்ணையில் வேலைக்குக் கேட்டிருக்கிறாள். கூடப் படித்த பெண் அங்கே இருக்கிறாள். தண்ணீரின் உப்பை மணிக்கு ஒருதரம் அளந்து எழுத வேண்டுமாம். குஞ்சு முதலில் கண்ணுக்கே தெரியாதாம். ஒரு கண்ணாடிக் குவளையில் மொண்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தூசி மாதிரி ஆடுமாம், ஆடுகிற விதத்தை வைத்தே நோய் இருக்கிறதா என்று சொல்லிவிடலாமாம்.

எனக்கு மூன்று இடங்களில் மறுப்பு இருந்தது. ஒரு வருடம் வீணாகிறது. அடுத்த வருடம் இடம் கிடைக்கும் என்று என்ன நிச்சயம்? தங்குவது எங்கே? மூன்றுக்கும் என்னிடம் வாக்கியம் தயாராக இருந்தது. அவள் ஒன்றை முடித்து அடுத்ததற்கு மூச்சு வாங்கும் இடங்களும் எனக்கு நன்றாகத் தெரிந்தன.

நடுவில் தட்ட மறந்துவிட்டேன் போலிருக்கிறது. அவள் நிறுத்தினாள்.

"ம்மா? இருக்கியா?"

"இருக்கேன்" என்றேன். "சொல்லு."

இருபத்துநான்கு நாளுக்குப் பிறகு வந்த குரல். கரகரப்பாக, தணிந்து, வேறு யாரோ பேசுவது மாதிரி இருந்தது. பிறகு அவள், "கூலிங் டேங்க் ஒண்ணு இருக்குதும்மா, அதுல என்ன செய்வாங்கன்னா" என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.